வலக்கரையில் பதினொன்று

ஆற்றில் மீன் எண்ணுவதெல்லாம் ஒரு உத்தியோகமா என்று கேட்பவர்களிடம் ஆமை ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள். "நீங்க ஆடு எண்ணுவீங்க இல்ல, அதே மாதிரிதான். என்ன, இது நிக்காது." சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். ஆமை என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் தண்ணீரில் அவள் காட்டிய நிதானத்தைப் பார்த்து யாரோ வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் வீட்டுக்காரருக்கு நாரை. நெட்டைக் கால், நீண்ட கழுத்து, தண்ணீரைக் கண்டால் பேச்சை மறந்து நின்றுவிடுகிற குணம். பெயர் வைத்தவனைக் குறை சொல்ல முடியாது.

வேலை இப்படி. பழைய பாலத்தில் தொடங்கி நீரேற்று நிலையம் வரைக்கும், மூன்று மடுக்கள் உள்ள ஒரு கிலோமீட்டர் ஆறு இவர்கள் பொறுப்பு. வருஷத்துக்கு ஒரு முறை, தண்ணீர் தெளிந்து வெயில் நேராக விழும் நாட்களில், இருவரும் ரப்பர் உடுப்பை இழுத்து மாட்டிக்கொண்டு, கண்ணாடியும் மூச்சுக்குழாயுமாகக் குப்புறப் படுத்து ஆற்றோடு மிதந்து வருவார்கள். நீந்தக் கூடாது, நீந்தினால் மீன் கலைந்துவிடும். ஆறு என்ன வேகமோ அதுதான் இவர்கள் வேகம். இடைவெளி மாறாமல் இருக்க நடுவில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய், ஆளுக்கொரு முனை. குழாய் பிடித்த கையின் முன்பக்கத்தில் ஒரு சின்னப் பலகை கட்டியிருக்கும். மற்ற கையில் பென்சில். தோளைத் தாண்டிப் போன மீனுக்கு ஒரு கோடு. நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு.

இடக்கரைப் பக்கத்து மீன் அவளுக்கு, வலக்கரை அவருக்கு. அடுத்தவர் பக்கம் எட்டிப் பார்க்கவே கூடாது. பார்த்தால் ஒரே மீன் இரண்டு பலகையிலும் ஏறிவிடும். அடுத்தவர் தட்டில் கை வைப்பது மாதிரி அது. பதினெட்டு வருஷத்தில் ஆமை ஒரு தடவைகூட வலது பக்கம் தலையைத் திருப்பியதில்லை.

விதிப்படி வருஷத்துக்கு வருஷம் பக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் ஆமை இடது கைக்காரி. இடது பக்கம் மிதந்தால்தான் வலது கையில் குழாயும் இடது கையில் பென்சிலும் தோதாக அமையும். "அவங்களுக்கு அப்படித்தான் கை வாகு" என்று அலுவலகமே விட்டுவிட்டது. இவர்களுக்கும் அது கட்டிலில் யார் எந்தப் பக்கம் படுப்பது என்பது மாதிரி ஆகிவிட்டது.

தண்ணீருக்குள் முகம் போனதும் உலகம் ஒரு சொல் இல்லாமல் அடங்கிப்போகும். தன் மூச்சு மட்டும் கேட்கும். கூழாங்கற்கள் அடியில் நகர்ந்துகொண்டே இருக்கும், நகர்வது நாமா கல்லா என்று சற்று நேரத்தில் தெரியாமல் போய்விடும். வெயில் வலைவலையாகத் தரையில் ஆடும். குழாய் வழியாக அவர் மூச்சு விடுவதுகூட அவள் உள்ளங்கைக்குத் தெரியும். அவர் தயங்கினால் குழாய் லேசாக இழுக்கும், அவள் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். கல்யாணமாகி ஊரில் எல்லோரும் பேசித் தீர்த்ததை இவர்கள் அந்தக் குழாயிலேயே பேசித் தீர்த்தார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். மூன்று வருஷமாக வலக்கரையில் கல்லொட்டி குறைந்துகொண்டே வந்தது. கல்லொட்டி விரல் நீளத்து மீன். கல்லின் நிறத்திலேயே கல்லோடு ஒட்டிக் கிடக்கும், வால் அசைந்தால்தான் உண்டு. இந்த ஆற்றை விட்டால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை. நாரையின் பலகையில் எழுபத்திரண்டாக இருந்தது நாற்பதாயிற்று, இருபத்தொன்றாயிற்று, போன வாரம் எண்ணியபோது பதினொன்று. அவள் பக்கத்தில் மட்டும் எப்போதும்போல அறுபதுக்குக் குறையவில்லை.

"கரைக்குக் கரை இப்படி வித்தியாசப்படுமா?" என்று அலுவலகத்துப் பெண் அதிகாரி கேட்டாள். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பாள், அதனால் அவளுக்குப் பென்சில் என்றே பெயர். வயதில் சின்னவள், இவர்களை அக்கா அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

"படுது பாருங்க" என்றார் நாரை. தரையைப் பார்த்தபடி சொன்னார், ஏதோ அவர்தான் விரட்டிவிட்ட மாதிரி.

"தண்ணி கலங்கலா இருந்துச்சோ?"

"மரமீனை வெச்சுப் பாத்தோமே. நான்தான் ஆறு மீட்டர் தூரத்துல இருந்தும் புள்ளி புள்ளியாச் சொன்னேன்."

அது உண்மை. இறங்குவதற்கு முன், புள்ளி வைத்த மர மீன் ஒன்றை ஒருவர் தண்ணீருக்குள் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அதையே பார்த்தபடி பின்னால் போகவேண்டும். எந்தத் தூரத்தில் புள்ளி மறைகிறதோ அதுதான் அன்றைய தெளிவு. அந்தச் சோதனையில் நாரையை அடிக்க ஆளில்லை.

"பாட்டில்ல தண்ணி எடுத்து அனுப்பியாச்சு அண்ணா. மீனோட துகள் தண்ணியில இருக்குன்னு முடிவு வந்திருக்கு. ஆனா அது ஆத்துல மீன் இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். எந்தக் கரைன்னு சொல்லாது. அதுக்கு நீங்கதான்." பென்சில் வரைபடத்தைத் திருப்பி வைத்தாள். வலக்கரை ஓரமாக ஒரு சிவப்புக் கோடு. "வெள்ளத்தடுப்புச் சுவர். வெள்ளிக்கிழமை நம்ம அறிக்கை போகணும். வலக்கரையில மீன் இருந்தா சுவரை மேட்டுக்குத் தள்ளிடுவாங்க. இல்லன்னா கல்லை வாரிட்டுக் கரையோட கட்டிடுவாங்க. அதுக்காக இந்த வருஷம் மட்டும் ரெண்டாவது தடவை எண்ணணும், புதன்கிழமை முடிச்சுக் குடுத்துடுங்க அக்கா."

"பதினொன்னு போதாதா?" என்றாள் ஆமை.

"எழுபத்திரண்டு பதினொன்னா ஆயிருக்குன்னா, அது போயிட்டிருக்கிற மீன்னு எழுதிடுவாங்க அக்கா. போறதுக்காக யாரு சுவரைத் தள்ளுவா?"

வீடு ஒரு சலவைக் கடைக்கு மேலே, இரண்டு அறை. குளியலறையில் இரண்டு ரப்பர் உடுப்பும் தலைகீழாகத் தொங்கும், வந்தவர்கள் கதவைத் திறந்து ஒரு கணம் பயந்துதான் போவார்கள். கீழே இஸ்திரி போடும் சூடு தரை வழியாக ஏறி வரும். அன்று ஆமை முட்டையும் ரொட்டியும் செய்து, சூடான சூப்பை ஊற்றி வைத்தாள். நாரை உட்கார வந்தவர் நாற்காலியில் இடித்துக்கொண்டார். கையை நீட்டியதில் ஓரமாக இருந்த தண்ணீர் தம்ளர் கவிழ்ந்து அவள் மடியில் ஓடியது.

"ஆத்துல நனைஞ்சது போதாதுன்னு வீட்லயுமா?" என்றாள். "எட்டு ஊருக்குக் கால் இருந்தா இப்படித்தான்."

அவர் சிரிக்கவில்லை. ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் போட்டுவிட்டு, அதை எடுக்காமலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, மீனுக்கு ஆளு தெரியுமா?"

"என்ன கேள்வி இது?"

"இல்ல, உன் பக்கம் இருக்கு, என் பக்கம் போயிடுச்சு. நடுவுல சுவரா இருக்கு? அதே தண்ணி, அதே வெயிலு. எனக்கு என்னமோ அதுங்களுக்கு என்னைப் பிடிக்காமப் போயிடுச்சுன்னு தோணுது."

"பைத்தியம் மாதிரி பேசாதீங்க. ஆத்துக்குன்னு ஆயிரம் காரணம் இருக்கும்."

"நானும் அதைத்தான் சொல்லிக்கிறேன். ஆனா தண்ணிக்குள்ள போனா என்ன ஒரு அமைதி தெரியுமா இப்பல்லாம்? முன்னாடி ஓரத்துல ஏதாவது விருட்டு விருட்டுன்னு ஓடிட்டே இருக்கும். இப்ப அதெல்லாம் இல்ல. ஆறு ஒரு சந்து மாதிரி ஆயிடுச்சு. அமைதியா, நேரா. காலி வீட்டுக்குள்ள நடந்து போற மாதிரி இருக்கு."

அவள் கரண்டியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். இந்த மனுஷன் மூன்று வருஷமாக மீனுக்காகத் துக்கம் காத்துக்கொண்டிருக்கிறார், நாம் பாட்டுக்கு அறுபது அறுபத்திரண்டு என்று கோடு போட்டுக்கொண்டு பக்கத்திலேயே வந்திருக்கிறோம். அவர் தோளில் கை வைத்தாள்.

"நான் ஒன்னு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"புதன்கிழமை உங்க பக்கம் நான் வரேன். சுவர் கட்டிட்டா அப்புறம் அந்தக் கரை ஏது? பதினெட்டு வருஷமா பக்கத்துலயே போறேன், ஒரு தடவைகூட அதைப் பாத்ததில்ல."

"எழுத வராதே உனக்கு வலது கையில."

"எழுத வேணாமே. கோடுதானே? கோணலாப் போட்டாலும் கோடு கோடுதான்."

அவர் யோசித்தார். "மூணாவது மடுவுல ஒரு நரைச்ச பாறை இருக்கும். அதுக்கு அடியிலதான் முன்னாடி குஞ்சு கிடக்கும். அதை மட்டும் நல்லாப் பாரு. எனக்காக."

புதன்கிழமை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வேன் டிரைவர் பாலத்தடியில் இறக்கிவிட்டு, "பக்கம் மாறி நிக்கிறீங்க, சண்டையா?" என்று கேட்டுவிட்டு, நீரேற்று நிலையத்தில் காத்திருப்பதாகச் சொல்லிப் போனார். மர மீனை ஆமை பிடித்துக்கொண்டாள். நாரை பின்பக்கமாகவே போய், ஆறே கால் மீட்டர் வரைக்கும் புள்ளி தெரிகிறது என்று விரல் காட்டினார். இருவரும் குழாயைப் பிடித்தார்கள். கை மாறிய பிடி இரண்டு பேருக்கும் புதிதாக இருந்தது, முதல் நாள் போல. ஆறு அவர்களை எடுத்துக்கொண்டது.

வலக்கரை வேறு ஊராக இருந்தது. மரவேர்கள் தண்ணீருக்குள் இறங்கி நின்றன, நிழலும் வெயிலும் மாறி மாறி முதுகில் தெரிந்தன. சிறிது நேரம் அவள் கல்லை மட்டும் பார்த்தாள். பிறகு ஒரு கல் வாலை ஆட்டியது. ஒரு கோடு போட்டாள். அடுத்த கல்லில் இரண்டு. வேருக்கடியில் மூன்று, ஒன்றன்மேல் ஒன்று தலை வைத்து. முதல் மடு முடிவதற்குள் அவள் பலகையில் பதினெட்டு கோடு, கோழி கிண்டிய மாதிரி கோணல்மாணலாக. சிரிப்பு வந்து மூச்சுக்குழாயில் தண்ணீர் ஏறிவிட்டது. இருக்கிறதே, இங்கேதானே இருக்கிறது என்று குழாயை ஆட்டிச் சொல்ல வேண்டும்போல இருந்தது. மிதக்கும்போது பேச்சில்லை என்பது விதி. இரண்டாவது மடுவில் அவள் எண்ணுவதுகூட மறந்து, மறுபடி கல்லைப் பிடித்து நிறுத்தி எண்ணினாள். கனவில் தொலைந்த பொருளெல்லாம் ஒவ்வொன்றாகக் கைக்கு வருமே, அப்படி வந்துகொண்டே இருந்தன. மூன்றாவது மடுவில் நரைத்த பாறை. அதன் நிழலுக்குள் குஞ்சுகள் ஊசி ஊசியாக நின்றன, எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்து. இருபத்திரண்டு.

நீரேற்று நிலையத்துப் படிக்கட்டில் எழுந்து நின்று கண்ணாடியைக் கழற்றினாள். சொல்ல வாயெடுத்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

நாரை தன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன் பக்கமும் போச்சும்மா" என்றார். "பதிமூணு. மொத்தமே பதிமூணு. போன வாரம் நீ அறுபத்தொன்னு எண்ணினே இல்ல?"

ஆமை அவர் பலகையை வாங்கிக் கோடுகளை எண்ணிப் பார்த்தாள். ஒரு வாரத்தில் ஐம்பது மீன் எங்கே போகும்? அப்படியானால் குறை வலக்கரையில் இல்லை. அவர் பக்கம் மாறியதும் அதுவும் கூடவே மாறிவிட்டது.

வெயிலில் சுட்டுக் கிடந்த பாறையில் உட்கார்ந்தார்கள். அவர் ஆற்றைப் பார்த்தபடி இருந்தார். டிரைவர் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போயிருந்த பையிலிருந்து அவள் ஒரு பிஸ்கட்டை எடுத்து, அவர் காதுக்கு நேராக, ஒரு முழம் தள்ளி நீட்டினாள். அவர் திரும்பவில்லை. மெதுவாக முன்னால் கொண்டுவந்தாள். இன்னும் கொஞ்சம். கன்னத்தைத் தாண்டி, மூக்குக்கு நேரே வரப்போகிற சமயத்தில்தான் அவர் திடுக்கிட்டார்.

"எப்ப நீட்டினே? சொல்லக் கூடாதா?" என்று வாங்கிக்கொண்டார்.

கவிழ்ந்த தம்ளரும் இடித்த நாற்காலியும் அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. மர மீனை நேருக்கு நேராகத்தானே பிடித்தோம். நேராகப் பார்ப்பதற்கு அவருக்கு ஒரு குறையும் இல்லை. போதாததற்கு அந்த நீச்சல் கண்ணாடியைப் போட்டால் எல்லோருக்குமே ஓரம் கொஞ்சம் அடைத்துத்தான் இருக்கும். அவருக்கு எது கண்ணாடி எது கண் என்று எப்படித் தெரியும்? வருஷா வருஷம் பக்கம் மாறியிருந்தால் முதல் வருஷமே தெரிந்திருக்கும். இந்த இடது கைக்காக விட்டது.

நாரை வேனிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து வரப் போனார். இரண்டு பலகையும் பென்சிலும் அவள் மடியில் இருந்தன. பலகையில் பென்சில் கோட்டை ஈரமணல் போட்டுத் தேய்த்தால் சுத்தமாகப் போய்விடும். பதிமூன்றை அழித்துவிட்டு அறுபது போட்டால் போதும். வலக்கரையும் தப்பும், இடக்கரையும் தப்பும். அடுத்த வருஷமும் இந்தக் குழாயின் மறுமுனையில் அவர் இருப்பார். அறுபது பொய்யும் இல்லை, போன வாரம் அவளே கண்ணால் பார்த்த மீன்கள்தான். மணலை அள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அவர் இல்லாமல் அந்தத் தண்ணீரில் இறங்குவதை நினைக்கவே அவளுக்கு முடியவில்லை. பயமாக இருந்தது.

ஆனால் அந்தக் கண்? இந்த வருஷம் சந்து மாதிரி இருக்கிற ஆறு அடுத்த வருஷம் சாவித்துவாரம் மாதிரி ஆகிவிட்டால்? அப்போதும் அவர் மீன்தான் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே இருப்பார். மணலைக் கீழே போட்டுவிட்டுக் கையை உடுப்பில் துடைத்தாள்.

அவர் வந்து தேநீரை ஊற்றிக் கொடுத்தார்.

"ஏங்க, உக்காருங்க."

"என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"வலக்கரையில அறுபத்தெட்டு."

"எந்த வருஷத்துல?"

"இன்னிக்கு. இப்போ. நான் எண்ணினேன்."

அவர் அவளையே பார்த்தார். அவள் நிறுத்தாமல் சொன்னாள், நிறுத்தினால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று. "மீன் எங்கயும் போகலைங்க. உங்களுக்குத்தான் ஓரத்துல தெரியலை. நேரா நல்லாத் தெரியுது, பக்கவாட்டுல இல்ல. பிஸ்கட்டை நான் எவ்ளோ நேரமா நீட்டிட்டிருந்தேன் தெரியுமா? தம்ளர், நாற்காலி, எல்லாம் அதுதான். நான் கூடவே இருந்து கவனிக்காம விட்டுட்டேன்."

நாரை தேநீரைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் தோளுக்கு நேராக விரித்து, விரல்களை ஆட்டியபடி, ஆற்றைப் பார்த்துக்கொண்டே மெள்ள மெள்ள முன்னால் கொண்டுவந்தார். கைகள் முகத்துக்கு முன்னால் ஏறக்குறைய சேர்ந்துவிட்ட இடத்தில் நிறுத்தினார். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு பார்ப்பவரைப் போல அப்படியே வைத்திருந்தார். அவளால் பார்க்க முடியவில்லை. ஆனாலும் பார்த்தாள்.

"இவ்ளோதானா?" என்றார்.

"டாக்டர்கிட்ட போவோம். மருந்து இருக்கும்."

"அது இருக்கட்டும்." கையை இறக்கிவிட்டு அவள் பக்கம் முழுசாகத் திரும்பினார். "அப்போ எல்லாம் அங்கேயேதான் இருக்கா?"

"இருக்கு."

"நரைச்ச பாறை?"

"குஞ்சு மட்டுமே இருபத்திரண்டு. ஊசி ஊசியா."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "போகலையா" என்றார். "நான் பக்கத்துல போறப்பல்லாம் இருந்துச்சா? நான்தான் பாக்காமப் போனேனா?" அவள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள், ரப்பர் உடுப்பின் மேல் தடவினால் என்ன தெரியும் என்று தெரிந்தும்.

சிறிது நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு கையை நீட்டினார். "பென்சிலைக் குடு."

"எதுக்கு?"

"குறிப்புன்னு ஒரு இடம் இருக்கு இல்ல பலகையில? இதுவரைக்கும் அதுல நான் ஒன்னும் எழுதினதில்ல."

"அதை எழுதினா உங்களை இனிமே இறங்க விடமாட்டாங்க."

"எண்ணத் தெரியாதவன் எதுக்கும்மா இறங்கணும்? என் பதினொன்னை வெச்சு அவன் கல்லை வாரிட்டா?"

பொறுமையாக, பள்ளிக்கூடத்து எழுத்தில் எழுதினார்: வலக்கரையின் மூன்று வருஷக் கணக்கும் இன்றைய இடக்கரைக் கணக்கும் தவறு. மீன் இருந்தது. எண்ணியவருக்குக் கண் தெரியவில்லை.

அவள் பென்சிலை வாங்கி, இடது கைக்கு மாற்றி, அதற்குக் கீழே எழுதினாள்: பக்கம் மாற்றாமல் விட்டவள் நான்.

மேலே சாலையிலிருந்து வேன் டிரைவர் ஒரு தடவை ஹாரன் அடித்தார். நாரை எழுந்திருக்கவில்லை.

"டாக்டர்கிட்ட இன்னிக்கே போயிடலாம்" என்றார். "அதுக்கு முன்னாடி பாலத்துல இருந்து சொல்லு. ஒன்னு விடாம. எந்தக் கல்லு, எத்தனை, எல்லாம்."

"மொத்தத்தையுமா?"

"அவசரமா உனக்கு?"

ஆமை பாலத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பாலத்தைத் தாண்டினதும் ஒரு வேரு தண்ணிக்குள்ள இறங்கியிருக்கு. அதுக்குப் பக்கத்துல ஒரு தட்டைக் கல்லு. அதுல ஒன்னு. அடுத்த கல்லுல ரெண்டு..."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் விரல் முழங்காலில் கோடு போட்டுக்கொண்டே வந்தது.